போஸ்ட்ஃபிக்ஸை மூண்டு நெற்வேர்க் அட்ரஸில கேக்க வைக்கிறது எப்பிடி? ரீலோட் குடுத்தும் 127.0.0.1 மட்டும்தான் வருது

நெல்லியடிப்_பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு சங்கத்தின்ர ஒபிசில கொம்பியூட்டர் வேலை பாக்கிறன், பிரிண்டருக்கு மை மாத்திறதில இருந்து சேர்வர் வரைக்கும் நான் ஒராள்தான். இப்ப பிரச்சினை என்னெண்டால், உபுண்டு 22.04 போட்ட ஒரு சின்ன சேர்வரில போஸ்ட்ஃபிக்ஸ் எண்ட மெயில் சேர்வர் புரோகிறாம் ஓடுது, அதுக்கு ஒரே ஒரு வேலைதான், ஒபிசுக்குள்ள இருக்கிற சாமானுகள் அனுப்புற மெயிலை வாங்கி எங்கட ஹோஸ்ரிங் கொம்பனியின்ர சேர்வருக்கு 587 ஆம் போர்ட்டால தள்ளி விடுறது. போட்டோக்கொப்பி மெசின் ஸ்கான் பண்ணி அனுப்பும், கணக்குப் புரோகிறாம் ரசீது அனுப்பும், சிசிரிவி பெட்டி அலாரம் அனுப்பும். கொப்பி மெசினும் சிசிரிவி பெட்டியும் சரியான பழசு, இப்பத்தை ரிஎல்எஸ் அதுகளுக்கு விளங்காது, அதுதான் நேர ஹோஸ்ரிங்குக்கு அனுப்பாமல் இடையில இதை வச்சிருக்கிறம்.

சேர்வரில மூண்டு நெற்வேர்க் இருக்கு. ஒபிஸ் லான் 192.168.10.5, சிசிரிவிக்கு வேற காட் போட்டு 192.168.20.5, கிளிநொச்சிக் கிளைக்கு வயர்கார்ட் விபிஎன், அதில இந்தச் சேர்வர் 10.8.0.2. (வெளியில ஒரு விபிஎஸ், அதாவது வாடகைச் சேர்வர் எடுத்து அதை ஹப்பா வச்சு ரெண்டு பக்கமும் அதுக்குத்தான் கனெக்ட் ஆகுது, இஞ்சை எங்களுக்கு நிலையான ஐபி இல்லை.)

முந்தி இருந்தவர் இன்ஸ்ரோல் பண்ணேக்க லோக்கல் ஒன்லி எண்டதைத் தெரிஞ்சிருக்கிறார் போல, போஸ்ட்ஃபிக்ஸின்ர செற்றிங் இருக்கிற மெயின்.சிஎஃப் பைல்ல லூப்பாக்-ஒன்லி (மெசின் தனக்குள்ள இருந்து வாறதை மட்டும் கேக்கிறது) எண்டு கிடந்தது. நான் அதை இப்பிடி மாத்தினன் (தமிழ் கீபோர்ட்டிலயே அடிக்கிறன், பாத்து விளங்கிக்கொள்ளுங்கோ):

இனெற்_இன்ரபேசஸ் = 127.0.0.1, 192.168.10.5, 192.168.20.5, 10.8.0.2

போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் குடுத்தாச்சு, ஒரு எரரும் வரேல்ல, ஆனால் எஸ்எஸ் (எந்த அட்ரஸில எந்தப் போர்ட்டில கேக்குதெண்டு காட்டுற கொமாண்ட்) அடிச்சுப் பாத்தால் மெயில் போர்ட் 25 க்கு நேர 127.0.0.1:25, [::1]:25 எண்டு பழைய ரெண்டு லைன்தான் நிக்குது. ஃபயர்வோல் தடுக்குதோ எண்டு யூஎஃப்டபிள்யூவையும் கொஞ்ச நேரம் நிப்பாட்டிப் பாத்தன், அப்பவும் அதேதான். எங்கை பாக்கிறது எண்டு ஆரும் சொல்லுங்கோ, திங்கள் விடிய கிளிநொச்சியில ஸ்கான் வேலை செய்ய வேணுமாம்.

—

கோண்டாவிலான்:

தம்பி, ஃபயர்வோலை விடுங்கோ, எஸ்எஸ் ல லைனே வரேல்ல எண்டால் சேர்வர் அந்த அட்ரஸில காதே குடுக்கேல்ல எண்டுதான் அர்த்தம், ஃபயர்வோல் அதுக்குப் பிறகு வாற கதை. உங்கட லைன் பிழையில்லை. இந்த ஒரு செற்றிங்குக்கு ரீலோட் காணாது, போஸ்ட்ஃபிக்ஸின்ர கையேட்டிலயே இனெற்_இன்ரபேசஸ் மாத்தினால் முழுசா ஸ்ரொப் பண்ணி ஸ்ரார்ட் பண்ண வேணும் எண்டு போட்டிருக்கு. இனெற்_புரொட்டகோல்ஸும் அப்பிடித்தான். மற்றது அனேகமானதுக்கு ரீலோட் போதும், அதாலதான் கனபேர் இதில மினக்கெடுறது.

போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்ரொப், பிறகு போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்ரார்ட். அதுக்கு முதல் போஸ்ட்ஃபிக்ஸ் செக் ஒருக்கா அடியுங்கோ. போஸ்ட்கொன்ஃப் -என் அடிச்சால் மெயின்.சிஎஃப்ல இருந்து என்ன செற்றிங் எடுபடுமெண்டு காட்டும், அதே பேரில கீழ எங்கயும் ரெண்டாவது லைன் ஒண்டு கிடந்தால் கடைசியா இருக்கிறதுதான் எடுபடும், பைலின்ர அடியையும் பாருங்கோ.

இன்னொண்டு, உபுண்டு 22.04 இல சிஸ்ரம்சிரிஎல் ஸ்ரேற்றஸ் போஸ்ட்ஃபிக்ஸ் எண்டு பாத்திட்டு பச்சையா இருக்கு எண்டு நம்பாதேங்கோ. அது அக்ரிவ் எக்சிற்றட் எண்டு சும்மா ஒரு பொம்மை, உள்ளுக்க செத்துக் கிடந்தாலும் பச்சையாத்தான் காட்டும். உண்மையான சேர்விஸ் போஸ்ட்ஃபிக்ஸ்@- எண்டு பேருக்குப் பின்னால அற்றும் ஒரு கோடும் போட்டிருக்கும், அதைப் பாக்க வேணும்.

—

சுன்னாகம்_சுண்டெலி:

கோண்டாவில் அண்ணை சொன்னது சரி, ஆனால் என்ர எண்ணம் வேற. அட்ரஸ் ஒவ்வொண்டா ஏன் எழுதுறீங்கள்? ஓல் எண்டு போட்டிட்டு விடுங்கோ, போஸ்ட்ஃபிக்ஸின்ர டிஃபோல்ற்றே அதுதான். ஆர் வரலாம் ஆர் வரக்கூடாது எண்டதை ஃபயர்வோலிலயும் மைநெற்வேர்க்ஸிலயும் (ஆரின்ர மெயிலை வெளியில அனுப்பலாம் எண்ட லிஸ்ற்) பாத்துக்கொள்ளலாம். லிஸ்ற் எழுதினால் நாளைக்கு ஒரு காட் மாத்தினாலோ, டிஎச்சிபி வேற ஐபி குடுத்தாலோ எல்லாம் சேர்ந்து விழும்.

எழுதத்தான் வேணும் எண்டு நிண்டால் நம்பரை எழுதுங்கோ, சேர்வரின்ர பேரை எழுதாதேங்கோ. டெபியன் உபுண்டு ரெண்டிலயும் ஹோஸ்ற்ஸ் பைல்ல சொந்தப் பேருக்கு நேர 127.0.1.1 எண்டு போட்டிருக்கும், பேரைக் குடுத்தால் அதைத்தான் எடுக்கும், பிறகு லானில இருந்து ஏன் பிடிக்குதில்லை எண்டு தலையைப் பிய்க்க வேண்டியதுதான்.

—

நெல்லியடிப்_பொடியன்:

கோண்டாவில் அண்ணை மெத்தப் பெரிய நன்றி, ஸ்ரொப் ஸ்ரார்ட் குடுத்த உடன நாலு லைனும் வந்திட்டுது. கொப்பி மெசினில இருந்து ஸ்கான் போகுது, கிளிநொச்சியில நிக்கிற பிள்ளை ரெல்நெற் அடிச்சுப் பாத்து 220 எண்டு பதில் வருது எண்டவ. ஆனால் சிசிரிவி பெட்டி மட்டும் அனுப்புதில்லை, லொக்ல 454 4.7.1 ரிலே அக்சஸ் டினைட் எண்டு வருது. கிளிநொச்சி ஸ்கானரும் அதேதான் சொல்லுது. கனெக்ட் ஆகுதே, பிறகேன் மறுக்குது?

சுண்டெலி அக்கா, ஓல் எண்டு போட எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு, எங்கட சேர்வரை வெளியில ஆரும் பாவிச்சு ஸ்பாம் அனுப்பினால் நான்தான் பதில் சொல்ல வேணும், அதுதான் எழுதி வச்சனான்.

—

ஸ்காபரோ_சித்தப்பா:

தம்பி நான் கனடாவில ஒரு ஹோஸ்ரிங் இடத்தில கனகாலம் மெயில் சேர்வரோட மாரடிச்ச ஆள், கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

நீங்கள் ரெண்டு விசயத்தை ஒண்டாப் போட்டுக் குழப்புறீங்கள். இனெற்_இன்ரபேசஸ் எண்டது சேர்வர் எந்தெந்த வாசல்ல நிண்டு கேக்கிறது எண்டது மட்டும்தான். வாசலுக்கு வந்தவன்ர மெயிலை வாங்கி வெளியில அனுப்பலாமோ எண்டது மைநெற்வேர்க்ஸ். வாசல் எத்தினை எண்டது உங்களை ஸ்பாம்காரனிட்ட இருந்து காப்பாத்தாது, மைநெற்வேர்க்ஸ்தான் காப்பாத்தும். அந்த 454 இதைத்தான் சொல்லுது, கதவு திறந்திருக்கு, ஆனால் உன்னை எனக்குத் தெரியாது எண்டு. ஒபிஸ் லான் மட்டும் ஏன் வேலை செய்யுதெண்டால் முந்தி இருந்தவர் அதை மட்டும் மைநெற்வேர்க்ஸில எழுதியிருப்பார், போஸ்ட்கொன்ஃப் மைநெற்வேர்க்ஸ் எண்டு அடிச்சுப் பாருங்கோ.

454 எண்டு வாறது ஏனெண்டால் டெபியன் உபுண்டுக்காரர் டிஃபேர்_அன்ஓத்_டெஸ்ரினேசன் எண்டு போட்டு விடுவினம், அது "இப்ப ஏலாது, பிறகு வா" எண்டு சொல்லுறது. நீங்கள் பிழையைத் திருத்தினதும் நல்ல மெசின் எண்டால் கியூவில கிடந்ததையும் திருப்பி அனுப்பும். சிசிரிவி பெட்டியள் அப்பிடி அனுப்புமெண்டு எனக்கு நம்பிக்கையில்லை.

மைநெற்வேர்க்ஸ் = 127.0.0.0/8, 192.168.10.0/24, 192.168.20.30/32, 10.8.0.0/24

192.168.20.30 எண்டு சும்மா எழுதினன், உங்கட சிசிரிவி பெட்டியின்ர ஐபியைப் போடுங்கோ. அந்த நெற்வேர்க் முழுக்க குடுக்காதேங்கோ, கமராக்கள் மெயில் அனுப்ப வேண்டிய தேவை ஒண்டுமில்லை, கமராவுக்குள்ள ஆரும் பூந்தால் அங்கையிருந்துதான் முதல் வேலையைத் தொடங்குவாங்கள். கிளிநொச்சிக்கும் ஸ்கானரின்ர ஐபியை மட்டும் குடுக்க ஏலுமெண்டால் அப்பிடியே செய்யுங்கோ. ஆனால் முதல்ல லொக்கைப் பாருங்கோ, கிளிநொச்சியில இருந்து வாற கனெக்சன் எந்த ஐபியில இருந்து வாறதா எழுதியிருக்கெண்டு. விபிஎஸ் ஹப்பில மாஸ்கறேட் (வாறவன்ர ஐபியை மறைச்சு தன்ர ஐபியைப் போடுறது) போட்டு வச்சிருந்தால் அங்கால இருந்து வாறது எல்லாம் ஹப்பின்ர ஐபியாத்தான் தெரியும், பிறகு ஸ்கானரையும் மற்றதையும் பிரிக்கேலாது.

இதே மாதிரி ஒண்டு ஒபிஸ் ரவுட்டரிலயும் நடக்கும், இதைப் பெரிய எழுத்தில சொல்ல வேணும். சில ரவுட்டரில போர்ட் ஃபோர்வேட் போட்டால் வெளியில இருந்து வாறவன்ர ஐபியை அழிச்சிட்டு தன்ர ஐபியை, அதாவது 192.168.10.1 ஐப் போட்டு உள்ளுக்க அனுப்பும். உங்கட மைநெற்வேர்க்ஸில 192.168.10.0/24 இருக்கு. அப்ப உலகம் முழுக்க உங்கட ஒபிஸ் ஆக்கள் மாதிரி. ஓபின் ரிலே (ஆரும் பாவிச்சு மெயில் அனுப்பக்கூடிய சேர்வர்) ஆகிறது இப்பிடியான பிழையாலதான், இனெற்_இன்ரபேசஸ் ஓல் எண்டு போட்டதால இல்லை. நீங்கள் 25 ஐ வெளியில இருந்து ஃபோர்வேட் பண்ணத் தேவையே இல்லை, உங்களுக்கு வாற மெயில் ஹோஸ்ரிங் கொம்பனியிலதானே போய் விழுது. ரவுட்டரில ஆரும் முந்தி ஃபோர்வேட் போட்டு விட்டிருக்கினமோ எண்டு பாருங்கோ.

கடைசியா ஒண்டு. லூப்பாக்கையும் எடுத்துப்போட்டு ஒரே ஒரு அட்ரஸை மட்டும் இனெற்_இன்ரபேசஸில எழுதுற ஆக்களும் இருக்கினம். அப்பிடி லூப்பாக் இல்லாத ஒரே ஒரு ஐபி இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியில போற மெயிலையும் அந்த ஐபியில இருந்தே அனுப்பப் பாக்கும். 10.8.0.2 ஐ மட்டும் எழுதினீங்கள் எண்டு வையுங்கோ, ஹோஸ்ரிங் கொம்பனிக்குப் போற கனெக்சனும் 10.8.0.2 எண்ட முகவரியோட ஒபிஸ் ரவுட்டர் பக்கம் போகும், பதில் திரும்பி வர வழி இருக்காது, கியூவில எல்லாம் ரைம் அவுட் எண்டு குவிஞ்சு கிடக்கும். கேக்கிறதை மாத்தினன், அனுப்புறது ஏன் நிண்டது எண்டு கேட்டு எத்தினை ரிக்கெற் பாத்திருப்பன். ரெண்டு மூண்டு அட்ரஸ் இருந்தால் எதால போறது எண்டதைக் கேர்னல் தீர்மானிக்கும், அது உங்களுக்குச் சரி. வேற ஐபியாலதான் போக வேணும் எண்டு இருந்தால் எஸ்எம்ரிபி_பைன்ட்_அட்ரஸ் எண்டு தனி செற்றிங் இருக்கு, பப்ளிக் ஐபி ரெண்டு வச்சிருக்கிற ஆக்களுக்கு அது கட்டாயம் வேணும், ஏனெண்டால் ரிவேர்ஸ் டிஎன்எஸும் எஸ்பிஎஃப்பும் எந்த ஐபிக்கு எழுதியிருக்கோ அந்த ஐபியாலதான் போகோணும், இல்லாட்டி ஜிமெயில் திருப்பி அனுப்பும். உங்களுக்கு உது தேவையில்லை, நீங்கள் வேற ஒராளின்ர முதுகிலதானே போறீங்கள்.

—

நெல்லியடிப்_பொடியன்:

சித்தப்பா நீங்கள் சொன்ன மாதிரியே மைநெற்வேர்க்ஸில போட்டதும் ரெண்டும் வேலை செய்தது. ரவுட்டரிலயும் பாத்தன், நல்ல காலம் 25 ஃபோர்வேட் இல்லை.

ஆனால் கதை முடியேல்ல. இண்டைக்குப் பின்னேரம் கறண்ட் போய் யூபிஎஸும் இறங்கி எல்லாம் ஓஃப் ஆகி, திரும்பக் கறண்ட் வந்தாப் பிறகு மெயில் ஒண்டும் போகுதில்லை எண்டு கணக்குப் பகுதி அக்கா கூப்பிட்டா. போய்ப் பாத்தால் கிளிநொச்சி மட்டுமில்லை, பக்கத்தில நிக்கிற கொப்பி மெசினும் அனுப்புதில்லை. சிஸ்ரம்சிரிஎல்ல பச்சை (கோண்டாவில் அண்ணை சொன்ன பொம்மை). லொக்ல இப்பிடிக் கிடக்கு:

ஃபேற்றல்: பராமீற்றர் இனெற்_இன்ரபேசஸ்: நோ லோக்கல் இன்ரபேஸ் ஃபவுண்ட் ஃபோர் 10.8.0.2

விபிஎன் வரேல்ல எண்டு விளங்குது. கையால ஸ்ரார்ட் பண்ணினதும் விபிஎன்னும் வந்திட்டுது மெயிலும் வந்திட்டுது. ஆனால் விபிஎன் விழுந்தால் ஒபிசுக்குள்ள மெயில் ஏன் நிக்க வேணும்? ஒவ்வொருக்காலும் கறண்ட் போகேக்க நான் ரவுணுக்கு ஓட ஏலாதே, ராத்திரியில எண்டால் நெல்லியடியில இருந்து வர பஸ்ஸும் இல்லை.

—

சுன்னாகம்_சுண்டெலி:

உதைத்தான் தம்பி நான் முதலே சொன்னனான். லிஸ்ற்றில எழுதின ஒவ்வொரு அட்ரஸும் மெசினில உண்மையா இருக்கோ எண்டு போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்ரார்ட் ஆகேக்க பாக்கும், ஒண்டு இல்லாட்டிலும் ஃபேற்றல் எண்டு சொல்லிப்போட்டு முழுசாப் படுத்திடும், இருக்கிற மூண்டிலயாவது நிப்பம் எண்டு அது யோசிக்காது.

வயர்கார்ட் ஏன் வரேல்ல எண்டும் சொல்லுறன், எனக்கு எங்கட கடையிலயும் இதே சீன்தான். ஹப்பின்ர முகவரியை டபிள்யூஜி-குவிக் (வயர்கார்ட்டை எழுப்புற புரோகிறாம்) பைல்ல டொமைன் பேராக் குடுத்திருக்கிறீங்கள் போல. கறண்ட் வந்த உடன சேர்வர் கெதியா எழும்பிடும், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஆடி அசைஞ்சுதான் எழும்பும். இன்ரநெற் இல்லாத நேரத்தில டொமைன் பேரைத் தேடினால் டிஎன்எஸ் பதில் வராது, டபிள்யூஜி கொஞ்சத் தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாத்திட்டு கைவிட்டிடும், டபிள்யூஜி-குவிக் உடன இன்ரபேஸையே அழிச்சுப்போட்டுப் போயிடும். அப்ப 10.8.0.2 எண்ட அட்ரஸே மெசினில இல்லை. ஹப்புக்கு நிலையான ஐபி இருக்கெண்டால் (விபிஎஸ் தானே, இருக்கும்) பேருக்குப் பதிலா ஐபியையே எழுதிவிடுங்கோ, அப்ப இன்ரநெற் இல்லாட்டிலும் இன்ரபேஸ் வரும், அட்ரஸ் இருக்கும், லைன் வந்த நேரம் தானாப் பிடிக்கும்.

அதோட இனெற்_இன்ரபேசஸ் = ஓல். ஓல் எண்டால் 0.0.0.0:25 எண்டு ஒரே ஒரு சொக்கற்தான், பிறகு வாற அட்ரஸிலயும் தானாக் கேக்கும், விபிஎன் அரை மணித்தியாலம் பிந்தி வந்தாலும் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடத் தேவையில்லை. உங்கட பயத்துக்கு யூஎஃப்டபிள்யூ. முதல்ல எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி குடுத்திட்டு (இதை மறந்திட்டு எனேபிள் அடிச்சால் வெளியில நிண்டு சேர்வரைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்) டிஃபோல்ற் இன்கமிங் டினை எண்டு வச்சிட்டு, 192.168.10.0/24 இல இருந்து 25, சிசிரிவி பெட்டியில இருந்து 25, டபிள்யூஜி0 இன்ரபேஸால வாற 25, இந்த மூண்டு ரூல் காணும்.

ஐபிவி6 ஐயும் பாருங்கோ. சில ஃபைபர் லைனில ரவுட்டர் உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு மெசினுக்கும் வெளியில தெரியிற ஐபிவி6 அட்ரஸ் குடுக்கும், அதுக்கு நாட் கிடையாது, ஓல் எண்டு போட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் [::]:25 இலயும் நிக்கும். உங்களுக்கு ஐபிவி6 ஆல ஒரு அலுவலும் இல்லையெண்டால் இனெற்_புரொட்டகோல்ஸ் = ஐபிவி4 எண்டு போட்டு ஸ்ரொப் ஸ்ரார்ட் குடுங்கோ.

—

கோண்டாவிலான்:

சுண்டெலி சொல்லுறது இந்தத் தம்பிக்குச் சரி, ஆனால் ஓல் எண்டதை எல்லாருக்கும் மருந்தா எழுதிக் குடுக்கேலாது. ஒவ்வொரு நெற்வேர்க்குக்கும் வேற வேற சட்டம் வேணுமெண்டால் என்ன செய்வியள்? ஒபிஸ் ஆக்கள் எங்கயும் அனுப்பலாம், சிசிரிவி பெட்டி மட்டும் முகாமையாளருக்கும் காவலாளிக்கும் அனுப்பினால் போதும். இதை மெயின்.சிஎஃப்ல செய்யிறது கரைச்சல், போஸ்ட்ஃபிக்ஸின்ர ஒவ்வொரு சேர்விஸையும் எழுதி வச்சிருக்கிற மாஸ்ரர்.சிஎஃப்லதான் வடிவாச் செய்யலாம். அதில சேர்விஸ் பேர் இருக்கிற இடத்தில எஸ்எம்ரிபி எண்டு சும்மா எழுதாமல் 192.168.20.5:எஸ்எம்ரிபி எண்டு அட்ரஸோட எழுதலாம், அப்பிடி எழுதினால் அந்த லைனுக்கு இனெற்_இன்ரபேசஸ் செல்லாது, கீழ -ஓ போட்டு அந்த வாசலுக்கு மட்டும் தனிச் சட்டம் குடுக்கலாம்.

ஒரு பொறி இருக்கு. மேல பொதுவான எஸ்எம்ரிபி லைன் ஓல் எண்டு 0.0.0.0:25 ஐப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க கீழ 192.168.20.5:25 எண்டு இன்னொண்டு எழுதினால் லினக்ஸ் விடாது, அட்ரஸ் ஓல்றெடி இன் யூஸ் எண்டு விழும். ஒண்டில் பொது லைனை எடுத்துப்போட்டு எல்லா அட்ரஸுக்கும் தனித்தனி லைன் எழுத வேணும், இல்லாட்டி தனிச் சட்டம் வேண்டிய சாமானுக்கு வேற போர்ட் குடுக்க வேணும். எனக்குப் பிடிச்சது ரெண்டாவதுதான், சிசிரிவி பெட்டியள்ல போர்ட் நம்பர் மாத்த இடமிருக்கும், 2525 எண்டு குடுங்கோ. மாஸ்ரர்.சிஎஃப்ல 192.168.20.5:2525 எண்டு புது லைன், அதுக்குக் கீழ

-ஓ எஸ்எம்ரிபிடி_றிசிப்பியன்ற்_றெஸ்ரிக்சன்ஸ்=$சிசிரிவி_சட்டம்

எண்டு போட்டிட்டு, சிசிரிவி_சட்டம் எண்டதை மெயின்.சிஎஃப்ல செக்_றிசிப்பியன்ற்_அக்சஸ், பைலின்ர பேர், பிறகு றிஜெக்ட் எண்டு விரிச்சு எழுதுங்கோ. -ஓ லைனில சமன் குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது, அதாலதான் நீளமானதை மெயின்.சிஎஃப்ல எழுதிட்டு டொலர் குறியோட கூப்பிடுறது. அந்த பைல்ல ரெண்டு மெயில் அட்ரஸையும் எழுதி நேர ஓகே எண்டு போட்டு போஸ்ட்மப் (பைலை போஸ்ட்ஃபிக்ஸ் தேடுற வடிவுக்கு மாத்துற கொமாண்ட்) அடிக்க வேணும். பெட்டியின்ர ஐபி மைநெற்வேர்க்ஸிலயும் கட்டாயம் இருக்க வேணும், ரிலேக்கான சட்டம் தனி, இது அதுக்கு மேல இன்னொரு வடி. மாஸ்ரர்.சிஎஃப்ல லைன் கூட்டினதுக்கு ரீலோட் காணும். யூஎஃப்டபிள்யூ ரூலில பெட்டிக்கு 25 ஐ எடுத்திட்டு 2525 ஐப் போட மறவாதேங்கோ.

விபிஎன் அட்ரஸையும் இப்பிடி மாஸ்ரர்.சிஎஃப்ல எழுத நினைக்கிற ஆக்களுக்கு, அங்கையும் அட்ரஸ் இல்லாட்டி ஸ்ரார்ட் ஆகாது, கனொற் அசைன் றிக்குவெஸ்ற்றட் அட்ரஸ் எண்டு வரும். அதுக்கு ஐபி_நொன்லோக்கல்_பைன்ட் எண்டு கேர்னல் செற்றிங் ஒண்டு இருக்கு, 1 ஆக்கினால் இல்லாத அட்ரஸிலயும் போய் நிக்க விடும். இனெற்_இன்ரபேசஸ் லிஸ்ற்றுக்கு அது உதவாது, அதில மெசினில அட்ரஸ் இருக்கோ எண்டு பாக்கிறது போஸ்ட்ஃபிக்ஸ், கேர்னல் இல்லை.

—

மானிப்பாய்_மணி:

இடையில பூந்ததுக்கு மன்னிக்கோணும், எங்கட இடத்தில போஸ்ட்ஃபிக்ஸ் இல்லை, டெபியனோட வாற எக்சிம் எண்ட மெயில் சேர்வர். அதிலயும் இந்த லிஸ்ற் எழுதலாமோ?

—

ஸ்காபரோ_சித்தப்பா:

எழுதலாம் மணி. டெபியனில எக்சிமின்ர பைலை நேர திருத்தாதேங்கோ, டிபிகேஜி-றீகொன்ஃபிகர் எக்சிம்4-கொன்ஃபிக் அடியுங்கோ, எந்த ஐபியில கேக்கிறது எண்டு ஒரு கேள்வி வரும், அதில 127.0.0.1, ::1 எண்டு முதலே இருக்கும், உங்கட லான் ஐபியைச் சேருங்கோ, வெறுமையா விட்டால் எல்லாத்திலயும் கேக்கும். இடையில அரைப்புள்ளி போடுங்கோ, கொமா இல்லை. எக்சிமில லிஸ்ற் பிரிக்கிற குறி வழமையா முக்காற்புள்ளி, ஐபிவி6 அட்ரஸுக்குள்ளயே முக்காற்புள்ளி வாறதால ரெண்டும் குழம்பும், அதுதான் டெபியன்காரர் அரைப்புள்ளிக்கு மாத்தி வச்சிருக்கினம்.

டவ்கொற்றும் (மெயில்பெட்டியைத் திறந்து வாசிக்க விடுற சேர்வர்) வச்சிருந்தால் அதுக்கு லிஸ்ன் எண்டு தனி செற்றிங், எக்சிமில மாத்தினது அதுக்குத் தெரியாது. மிச்சத்துக்குத் தனியா ஒரு கேள்வி போடுங்கோ, இது தம்பியின்ர இடம்.

—

நெல்லியடிப்_பொடியன்:

எல்லாம் செய்தாச்சு. ஓல், ஐபிவி4, யூஎஃப்டபிள்யூ, ஹப்புக்குப் பேருக்குப் பதிலா ஐபி, சிசிரிவிக்கு 2525. மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணி ரவுட்டரின்ர வயரையும் கழட்டி வச்சிட்டு சேர்வரை எழுப்பிப் பாத்தன், கொப்பி மெசின் உடன மெயிலைக் குடுத்திட்டுது, கியூவில நிண்டுது, ரவுட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில தானாப் போயிட்டுது, கிளிநொச்சியும் வந்திட்டுது. எஸ்எஸ் ல இப்ப 0.0.0.0:25, 192.168.20.5:2525 ரெண்டு லைன்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. சிசிரிவி பெட்டி அனுப்புறதை எங்கட சேர்வர் வாங்குது, ஆனால் ஹோஸ்ரிங் கொம்பனி திருப்பி அனுப்புது, அனுப்பினவர் அட்ரஸ் சரியில்லையாம். பெட்டி தன்ர பேரை என்விஆர்@லோக்கல்ஹோஸ்ற் எண்டு போடுது, அதுக்குள்ள மாத்த ஒரு இடமும் காணேல்ல.

—

கோண்டாவிலான்:

எஸ்எம்ரிபி_ஜெனரிக்_மப்ஸ். வெளியில போகேக்க மட்டும் உள்ளூர் அட்ரஸை உண்மையான அட்ரஸா மாத்தி விடும். பைல்ல இடப்பக்கம் என்விஆர்@லோக்கல்ஹோஸ்ற், வலப்பக்கம் உங்கட டொமைன்ல இருக்கிற ஒரு மெயில் அட்ரஸ், போஸ்ட்மப் அடிச்சிட்டு ரீலோட். வலப்பக்கம் போடுற அட்ரஸ் ஹோஸ்ரிங் கொம்பனியில லொகின் பண்ணுற அதே கணக்கா இருந்தால் நல்லது, சில இடத்தில வேற பேரில அனுப்ப விடாயினம்.